கூவும் குரலும் தட்டிப் பார்க்கும் ஒலியும்

சந்தையில் எப்போதும் இருவகை ஒலிகள் உண்டு. ஒன்று விற்பவர் எழுப்புவது. மற்றொன்று வாங்குபவர் எழுப்புவது. முன்னது கூவல். பின்னது, மண்பானையை ஒரு கையில் தூக்கி, மறுகை விரலை மடக்கித் தட்டி, அது கணீரென்று ஒலிக்கிறதா, விரிசல் விழுந்து கரகரக்கிறதா என்று செவியருகே வைத்துக் கேட்கும் ஒலி. தேங்காயைக் குலுக்கிப் பார்ப்பதும், வெள்ளி நாணயத்தைச் சுண்டிப் பார்ப்பதும் இந்த இரண்டாம் வகையைச் சேர்ந்தவையே. இணையத்தில் கடை திறந்த வணிகர்களில் பலர் கூவலை மட்டும் கையோடு எடுத்துவந்துவிட்டு, தட்டிப் பார்க்கும் ஒலியைச் சந்தையிலேயே விட்டுவிட்டார்கள் என்பது நம் எண்ணம். தமிழ் நூல்களை விற்கும் தளங்களைப் பார்க்கும்போது இந்த எண்ணம் இன்னும் வலுப்படுகிறது. அதைப் பற்றிச் சற்று விரிவாகப் பேசலாம்.

கூவல் இழிவானது என்று நாம் சொல்ல வரவில்லை. அகநானூற்றின் 140ஆம் பாடலில் அம்மூவனார் ஓர் உமணர் மகளைக் காட்டுகிறார். நெல்லுக்கு ஈடாக உப்பு என்று விலை கூறிக்கொண்டு அவள் சேரியின் ஊடே வருகிறாள். கேட்டறியாத அந்தக் குரலுக்கு ஒரு வீட்டு நாய் குரைக்கிறது, அவள் அஞ்சுகிறாள். அந்த அச்சத்தில் மருளும் அவளுடைய கண்களில்தான் தலைவன் தன்னை இழக்கிறான். காதற்பாட்டுத்தான் இது. ஆயினும் வணிகம் பற்றிய ஒரு நுட்பமான செய்தி இதற்குள் இருக்கிறது. அவளுடைய கூவலில் பொருள் என்ன என்பதும் இருக்கிறது, விலை என்ன என்பதும் இருக்கிறது. கூவியபடியே அவள் நடந்து போய்க்கொண்டும் இருக்கிறாள். வேண்டாதவர் எதுவும் செய்ய வேண்டியதில்லை. சற்று நேரத்தில் குரல் தானாகத் தேய்ந்து மறையும். அப்படியிருந்தும் நாய் குரைக்கிறது. அழையாமல் வரும் குரல் வீட்டைத் திடுக்கிட வைக்கும் என்பதைப் பழந்தமிழ்ப் புலவர் அறிந்திருந்தார்.

இணையத்தின் தொடக்கக் காலத்து வணிகர்கள் இதை அறிந்திருந்ததாகத் தெரியவில்லை. 1990களின் நடுப்பகுதியில் இன்டர்நெட் எக்ஸ்புளோரர் உலாவி, பக்கத்தின் பின்னணியில் ஒலி எழுப்புவதற்கென்றே ஒரு தனிக் குறியீட்டைத் தந்தது. பக்கம் திறந்தால் இசை ஒலிக்கும். நிறுத்துவதற்குப் பொத்தான் இருக்காது. ஒலிபெருக்கியின் திருகை வெடுக்கென்று திருப்புவதோ, பக்கத்தையே மூடுவதோதான் வழி. அடுத்து ஃபிளாஷ் வந்தது. முகப்புப் பக்கத்துக்கும் முன்னால் ஒரு வாயிற்பக்கம். அதில் நிறுவனத்தின் பெயர் சுழன்று சுழன்று வர, பின்னால் ஓர் இசைத்துணுக்கு. திருமண மண்டபம், நகைக்கடை, வீட்டுமனை வணிகம், பயண ஏற்பாட்டு நிறுவனம் என்று யார் தளத்துக்குப் போனாலும் நாதசுவரமோ புல்லாங்குழலோ நம்மை வரவேற்ற காலம் அது. அலுவலகத்தில் ஓசையின்றித் தொலைபேசி எண்ணொன்றைத் தேடப் போனவர், அறையிலுள்ள அனைவரின் பார்வைக்கும் ஆளாகித் திரும்பினார்.

உமணர் மகளின் கூவலுக்கும் இதற்கும் உள்ள வேறுபாட்டைக் கவனிக்க வேண்டும். அவள் தெருவில் கூவினாள். இந்த இசை நம் அறைக்குள் ஒலித்தது. அவள் உப்பு என்றும் விலை இன்னதென்றும் சொன்னாள். இந்த இசையோ விற்கும் பொருளைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

பிறகு நடந்தது பலருக்கும் நினைவிருக்கும். 2017 செப்டம்பரில் சஃபாரி உலாவியும், 2018 ஏப்ரலில் குரோமின் 66ஆம் பதிப்பும், 2019 மார்ச்சில் ஃபயர்பாக்ஸின் 66ஆம் பதிப்பும் தானாகத் தொடங்கும் ஒலியை இயல்பு நிலையில் தடுக்கத் தொடங்கின. பயனர் விரும்பிச் சொடுக்காதவரை பக்கம் வாய் திறக்கக்கூடாது என்பது பொது விதியாயிற்று. நம் நாட்டில் தெருவுக்கும் இப்படியொரு விதி தேவைப்பட்டது என்பதை நினைத்துக்கொள்வோம். கொடைவிழாக்களின் குழாய் ஒலிபெருக்கிகளை நேசித்தவர்கள்தாம் நாம் எல்லோரும். ஆயினும் இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை ஒலிபெருக்கி கூடாது என்று 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் சொல்ல வேண்டியிருந்தது. விற்பவர் தாமாக அடங்காத இடத்தில் விதி வந்து அடக்குகிறது. தெருவில் அரசு செய்ததை இணையத்தில் உலாவிகள் செய்தன.

ஆனால் விதிக்கு ஓர் இடுக்கு உண்டு. பக்கத்தில் எங்கேனும் ஒருமுறை சொடுக்கிவிட்டால், ஒலிக்கு இசைவு தந்துவிட்டதாகவே உலாவி எடுத்துக்கொள்ளும். பட்டியலைத் திறக்க, மொழியை மாற்ற, குறுக்கே வந்து நிற்கும் அறிவிப்பை மூட என்று எதற்காகச் சொடுக்கினாலும் சரி, அந்த முதல் சொடுக்குக்காகக் காத்திருந்து இசையைத் தொடங்கும் தளங்களை இப்போதும் காண்கிறோம். கதவைத் தட்டாமல் நுழைவது போய், கதவு சற்றே திறந்தவுடன் காலை உள்ளே வைப்பது வந்திருக்கிறது.

இதில் யாருக்கு என்ன இழப்பு, எரிச்சல்தானே என்று கேட்கலாம். எரிச்சல் மட்டுமன்று. நம் வாசகர் வட்டத்தில் பார்வையற்ற நண்பர் ஒருவர் உண்டு. எங்களில் பலரைவிட மிகுதியாகப் படிப்பவர். கணினித் திரையில் உள்ளதைப் படித்துச் சொல்லும் திரைவாசிப்பு மென்பொருளின் துணையோடு இணையத்தில் உலவுபவர். ஒரு முறை நூல் விற்பனைத் தளமொன்றில் நாவல் ஒன்றை வாங்கப் போனார். முதல் பொத்தானை அழுத்தியதும் வீணையிசை தொடங்கியது. திரைவாசிப்பானின் குரல் அந்த இசைக்குள் மூழ்கிப்போயிற்று. இசையை நிறுத்தும் பொத்தான் பக்கத்தின் ஒரு மூலையில் சிறு படமாக இருந்ததாம். பார்வை உள்ளவர் கண்டுகொள்வார். அவரோ அந்தப் பொத்தான் எங்கே என்பதை அறிவதற்கே திரைவாசிப்பானின் குரலைக் கேட்டாக வேண்டும். அந்தக் குரலையோ இசை விழுங்கிக்கொண்டிருந்தது. சற்று நேரம் போராடிவிட்டுப் பக்கத்தை மூடினார். "நூலை வாங்க முடியவில்லை என்பதுகூடப் பெரிதில்லை, என்னைப் போன்ற ஒருவன் வருவான் என்று அவர்கள் நினைக்கவே இல்லையே" என்றார். இதைக் கேட்டபின் நம்மால் அதை வெறும் எரிச்சல் என்று சொல்ல முடியவில்லை.

இது புதிய கண்டுபிடிப்பும் அன்று. 2008 டிசம்பரில் வெளியான இணைய உள்ளடக்க அணுகல் வழிகாட்டுதல்களின் இரண்டாம் பதிப்பிலேயே இதற்கு விதி உண்டு. தானாகத் தொடங்கி 3 விநாடிகளுக்கு மேல் நீடிக்கும் எந்த ஒலிக்கும், அதை நிறுத்துவதற்கோ, கணினியின் பொது ஒலியளவைத் தொடாமல் அதை மட்டும் குறைப்பதற்கோ வழி இருக்க வேண்டும். மிக அடிப்படையான முதல் நிலையில் வைக்கப்பட்டுள்ள விதி இது. திரைவாசிப்பானின் குரலும் பக்கத்தின் இசையும் ஒரே ஒலிபெருக்கியின் வழியாகத்தான் வரும். ஒன்றை அடக்கப்போய் மற்றொன்றையும் அடக்கிவிடக்கூடாது என்பதே அதன் உட்கருத்து.

மறுதரப்பையும் கேட்போம். ஒலிக்கு விற்பனையை மாற்றும் ஆற்றல் உண்டு என்பதற்கு ஆய்வுச் சான்றுகள் இருக்கின்றன. 1982இல் ரொனால்ட் மில்லிமன் வெளியிட்ட ஆய்வில், பேரங்காடியில் மெதுவான இசை ஒலித்தபோது மக்கள் மெதுவாக நடந்தார்கள். வேக இசை ஒலித்த நாட்களைவிட விற்பனை சுமார் 38 விழுக்காடு கூடியிருந்தது. 1997இல் ஏட்ரியன் நார்த்தும் அவருடைய குழுவினரும் இங்கிலாந்தில் ஓர் அங்காடியின் மதுவகை அடுக்கருகே ஒருநாள் பிரெஞ்சு இசையையும் மறுநாள் ஜெர்மானிய இசையையும் மாற்றி மாற்றி ஒலிக்கவிட்டார்கள். எந்த நாட்டு இசை ஒலித்ததோ அந்த நாட்டு மது மற்றதைவிட மிகுதியாக விற்றது. இந்த ஆய்வுகளை மேற்கோள் காட்டி, இணையதளத்திலும் இசை வேண்டும் என்று வாதிடுவோர் உண்டு.

ஆனால் இவை இரண்டும் கடைக்குள் நடந்தவை. கடைக்குள் நுழைந்தவர் தம் காலால் நடந்து வந்தவர். அந்த இடத்தின் ஒலியைத் தாமே தேர்ந்து வந்தவர். அங்கே அவருடைய செவிக்கு வேறு வேலையும் இல்லை. இணையத்தில் இருப்பவரோ தம் வீட்டில் இருக்கிறார். பக்கத்தில் குழந்தை உறங்குகிறது. மற்றொரு சாளரத்தில் ஏற்கெனவே ஒரு பாட்டு ஓடிக்கொண்டிருக்கிறது. அவர் நம் கடைக்கு வரவில்லை. நம் கடையைத் தம் அறைக்குள் சற்று எட்டிப் பார்க்க விட்டிருக்கிறார். விருந்தினர் யார், வீட்டுக்காரர் யார் என்பது இங்கே தலைகீழாகி விடுகிறது.

வணிகச் சின்னமாக விளங்கும் ஒலிகளைச் சொல்லலாமே என்றால், அவற்றின் பெருமையை நாம் மறுக்கவில்லை. அமெரிக்காவின் என்.பி.சி. நிறுவனத்து மூன்று மணியோசை 1950இலேயே வணிகக்குறியாகப் பதிவாயிற்று. இன்டெல் நிறுவனத்தின் சிறு இசைத்துணுக்கு 1994இல் பிறந்தது. இந்தியாவில் யாகூவின் கூவலொலி 2008இல் பதிவாயிற்று, ஐ.சி.ஐ.சி.ஐ. வங்கியின் இசைத்துணுக்கு 2011இல். 2017ஆம் ஆண்டு வணிகக்குறி விதிகளின்படி, 30 விநாடிக்கு மிகாத ஒலிக்கோப்பையும் அதன் இசைக்குறிப்பையும் கொடுத்து ஓர் ஒலியைப் பதிவு செய்துகொள்ளலாம். ஆனால் இந்த ஒலிகள் எவ்வழியே வளர்ந்தன? வானொலியின் வழியாகவும் தொலைக்காட்சியின் வழியாகவும். அங்கே கேட்பவர் தம் கையால் பெட்டியைத் திறந்து வைத்திருந்தார். இலங்கை வானொலியின் வர்த்தக சேவையைத் தென் தமிழகத்தின் ஒரு தலைமுறை விளம்பரங்களோடு சேர்த்தே நேசித்தது. மயில்வாகனன், கே.எஸ்.ராஜா, அப்துல் ஹமீது ஆகியோரின் குரல்களுக்காக மக்கள் அலைவரிசையைத் தேடித் திருகினார்கள். தேடிப் போய்க் கேட்ட குரல் என்பதால்தான் அதனூடே வந்த விளம்பரமும் விருந்தினர் ஆயிற்று. கண்ணுக்கு இமை உண்டு, செவிக்கு இல்லை. மூட முடியாத வாயிலின் வழியே வருபவர் அழைத்தால் மட்டுமே வரவேண்டும்.

அப்படியானால் வணிகத் தளத்தில் ஒலிக்கு இடமே இல்லையா? மிகப் பெரிய இடம் உண்டு என்பதுதான் நம் கட்சி. இங்கேதான் தட்டிப் பார்க்கும் ஒலிக்குத் திரும்புகிறோம்.

சில பொருள்களின் தரம் ஒலியில்தான் இருக்கிறது. மானாமதுரைக் கடத்தைப் படத்தில் பார்த்து என்ன செய்வது? தஞ்சாவூர் வீணைக்கு 2013இலும், நரசிங்கம்பேட்டை நாதசுவரத்துக்கு 2022இலும் புவிசார் குறியீடு கிடைத்தது. பலா மரத்தின் செதுக்கு வேலையையும் ஆச்சா மரத்தின் நிறத்தையும் படம் காட்டும். மீட்டினால் நாதம் எவ்வளவு நேரம் நிற்கிறது என்பதைப் படம் காட்டாது. இசைக்கருவி செய்பவர் ஒருவர் தம் தளத்தில் ஒவ்வொரு கருவியின் படத்துக்குக் கீழும் அதே கருவியின் 20 விநாடி ஒலியை வைத்தால், வெளியூரில் இருப்பவர் அதைத் தட்டிப் பார்த்து வாங்கியதற்கு ஏறக்குறைய நிகராகும். அந்த ஒலியை யாரும் விளம்பரம் என்று சொல்லமாட்டார்கள். ஆனால் அதைவிட நல்ல விளம்பரமும் இல்லை.

இசைத்தட்டு விற்றவர்கள் இதை நெடுங்காலத்துக்கு முன்பே அறிந்திருந்தார்கள். கடையிலேயே சிறு தடுப்பறைகள் கட்டி, தட்டைப் போட்டுக் கேட்டபின் வாங்கலாம் என்றார்கள். 2003 ஏப்ரலில் ஐடியூன்ஸ் கடை திறந்தபோது ஒவ்வொரு பாட்டிலும் 30 விநாடியை இலவசமாகக் கேட்கலாம் என்று வைத்தார்கள். 2010 இறுதியில், நீண்ட பாட்டுகளுக்கு அதை 90 விநாடியாக்கினார்கள். அதில் 'எங்கள் பாடல்கள் இனிமையானவை' என்று அறிவிக்கும் குரல் எதுவும் இல்லை. பாட்டின் ஒரு துண்டு, அவ்வளவுதான். பொருளே தன்னைப் பற்றிப் பேசியது.

இனி நம் வீட்டுக்கு வருவோம். நூலுக்கு ஒலி உண்டா? உண்டு. தமிழ் நூலுக்குச் சற்று மிகுதியாகவே உண்டு.

நம் உரைநடையின் சிறந்த பகுதிகள் பலவும் வட்டார வழக்கில் எழுதப்பட்டவை. கி.ராஜநாராயணனின் 'கோபல்ல கிராமம்' 1976இல் வந்தது. கரிசல் நிலத்தின் பேச்சை அறியாத வாசகர் அதன் முதல் பக்கங்களில் தயங்கக் கூடும். அச்செழுத்தில் அந்தச் சொற்கள் மேடுபள்ளமாகத் தெரியும். அதே பக்கத்தைக் கரிசல்காட்டுக்காரர் ஒருவர் படிக்கக் கேட்டால் மேடுபள்ளம் மறைந்து தாளம் தெரியும். புதுமைப்பித்தனின் திருநெல்வேலிப் பேச்சும், எஸ்.பொன்னுத்துரையின் யாழ்ப்பாணத் தமிழும் அப்படித்தான். பின்னட்டைக் குறிப்பு எத்தனை புகழ்ந்தாலும் வாசகரின் தயக்கத்தை நீக்காது. மூன்று நிமிடக் குரல் நீக்கிவிடும். இதுதான் நூலைத் தட்டிப் பார்க்கும் ஒலி.

எழுத்தாளரின் குரலுக்கே தனி மதிப்பு உண்டு என்பதற்கு நல்லதொரு முன்னுதாரணம் இருக்கிறது. 1952இல் நியூயார்க்கில் பார்பரா கோஹன், மேரியன் ரோனி என்ற இரு இளம்பெண்கள் கேட்மன் என்ற ஒலிப்பதிவு நிறுவனத்தைத் தொடங்கி, கவிஞர் டிலன் தாமஸைத் தம் படைப்புகளைத் தாமே படிக்கவைத்துப் பதிந்தார்கள். தட்டின் ஒரு பக்கத்துக்குக் கவிதைகள் இருந்தன. மறுபக்கத்தை நிரப்ப வேண்டியிருந்ததால், சிறுவயது கிறிஸ்துமஸ் நினைவுகளைச் சொல்லும் தம் உரைநடையொன்றை அவர் படித்தார். பக்கத்தை நிரப்ப வந்த அந்தப் படைப்பே பெரும்புகழ் பெற்றது. அமெரிக்கக் காங்கிரஸ் நூலகம் 2008ஆம் ஆண்டுக்கான தேசிய ஒலிப்பதிவுப் பட்டியலில் அதைச் சேர்த்தது. அந்தத் தட்டில் பின்னணி இசையில்லை, அலங்காரமில்லை. எழுதியவர் படிக்கிறார், கேட்பவர் விரும்பி வாங்கிக் கேட்கிறார்.

நம் பதிப்பகங்களின் தளங்களுக்குச் சென்றால் நாம் காண்பது பெரும்பாலும் என்ன? அட்டைப்படம், விலை, பக்க எண்ணிக்கை, நான்கு வரிக் குறிப்பு. ஒலி என்று ஏதேனும் இருந்தால் அது வெளியீட்டு விழாவின் ஒன்றரை மணிநேரப் பதிவாக இருக்கும். அதில் நூலைப் பற்றிப் பலர் பேசுவார்கள்; நூல் பேசாது. விழாவுக்கு வராதவர் நூலைத் தட்டிப் பார்க்க அங்கே வழியில்லை.

ஆகவே பதிப்பகத்தாரிடமும் நூல் விற்பனையாளர்களிடமும் நாம் வைக்கும் வேண்டுகோள் எளியது. ஒவ்வொரு நூலின் பக்கத்திலும் அந்நூலின் ஒரு பகுதியை மூன்று நிமிடத்துக்கு மிகாமல் படித்து வையுங்கள். எழுத்தாளரே படித்தால் நன்று. அவருடைய குரல் ஒத்துழைக்காவிட்டால், அந்த வட்டாரப் பேச்சில் பழகிய வேறொருவர் படிக்கட்டும். தொடக்கத்தில் 'வணக்கம், எங்கள் இணையதளத்துக்கு உங்களை அன்புடன் வரவேற்கிறோம்' என்னும் முகமன் வேண்டா. பின்னணியில் வீணையும் வேண்டா. திரையிசையைப் பின்னணியாக வைப்பது உரிமையாளரின் அனுமதியின்றி முறையும் ஆகாது.

பொருட்செலவு என்று தயங்க வேண்டியதில்லை. கதவு சன்னல் மூடிய, துணிமணி நிறைந்த சிறு அறையும் ஒரு கைப்பேசியும் போதும். மின்விசிறியை நிறுத்திவிட்டுப் பதிந்தால் பாதி வேலை முடிந்தது. 64 கிலோபிட் அளவில் ஒற்றைத் தடமாகப் பதிந்த எம்.பி.3 கோப்பு நிமிடத்துக்கு 480 கிலோபைட்தான் ஆகும். மூன்று நிமிடம் ஏறத்தாழ ஒன்றரை மெகாபைட். நல்ல அட்டைப்படம் ஒன்றின் அளவு அது. வாசகர் பொத்தானை அழுத்திய பின்னரே கோப்பு இறங்கும்படி அமைத்துவிட்டால், கேட்க விரும்பாதவருக்கு அந்தச் செலவும் இல்லை.

இன்னும் மூன்று செய்திகள். பொத்தானுக்கு அருகில் யார் படிக்கிறார், எத்தனை நிமிடம் என்பதை எழுத்தில் குறிக்க வேண்டும். நேரம் தெரிந்தால்தான் வாசகர் துணிந்து அழுத்துவார். அந்தப் பொத்தானை விசைப்பலகையால் அடைய முடிய வேண்டும். வெறும் படமாக இல்லாமல், திரைவாசிப்பான் படித்துச் சொல்லக்கூடிய பெயரும் அதற்கு வேண்டும். எங்கள் நண்பர் அதைத் தாமே கண்டுபிடித்துத் தாமே அழுத்தட்டும். படிக்கப்படும் பகுதியை எழுத்திலும் கீழே தர வேண்டும்; செவித்திறன் குறைந்தவரும், ஒலியெழுப்ப இயலாத இடத்தில் இருப்பவரும் அதைப் படித்துக்கொள்வர். தேடுபொறிகளும் எழுத்தைத்தான் எளிதில் கண்டுகொள்ளும் என்பது வணிகருக்கான கூடுதல் ஆதாயம்.

உரிமை பற்றியும் ஒரு சொல். எழுத்தாளர் மறைந்து 60 ஆண்டுகள் வரை அவருடைய படைப்புக்குப் பதிப்புரிமை உண்டு. ஆதலால் ஒலிவடிவத்துக்கும் இசைவு பெற வேண்டும்; நூல் ஒப்பந்தத்திலேயே ஒரு வரி சேர்த்துக்கொள்ளலாம். புதுமைப்பித்தனைப் போல நாட்டுடைமையாக்கப்பட்டவர்களின் எழுத்தை எவரும் படித்துப் பதியலாம். பாரதியின் படைப்புகள் 1949இலேயே அரசுடைமையானவை. இந்நூல்களைப் பல பதிப்பகங்கள் வெளியிடுகின்றன. விலையும் ஏறக்குறைய ஒன்றே. எந்தப் பதிப்பை வாங்குவது என்று தயங்கும் வாசகருக்கு, அக்கறையோடு படித்துவைத்த ஒரு பக்கம் அந்தப் பதிப்பகத்தைப் பற்றியும் ஏதோ சொல்லும்.

எந்திரக் குரலே இப்போது தமிழைச் சரளமாகப் படிக்கிறதே, ஆள் எதற்கு என்று கேட்கப்படுகிறது. விலைப்பட்டியலையும் அறிவிப்பையும் எந்திரம் படிக்கட்டும். ஆனால் வட்டாரப் பேச்சின் இழுப்பையும் இடைநிறுத்தத்தையும் வாசகர் நம்பி வாங்கவேண்டிய இடத்தில் பொதுக்குரல் ஒன்று படித்தால், அது வேறொரு பானையைத் தட்டிக் காட்டுவது போலாகும். எந்திரக் குரல்தான் என்றால் அதை வெளிப்படையாகச் சொல்லிவிட வேண்டும். மறைந்தவர்களின் குரலை மீண்டும் உண்டாக்கும் நுட்பமும் வந்துவிட்டது. 2024இல் வெளியான 'லால் சலாம்' படப்பாடல் ஒன்றில் மறைந்த பாடகர்கள் பம்பா பாக்யா, சாகுல் ஹமீது ஆகியோரின் குரல்களை அவ்வாறு பயன்படுத்தியபோது, குடும்பத்தாரின் அனுமதியைப் பெற்று அவர்களுக்கு ஊதியமும் அளித்ததாக ஏ.ஆர்.ரகுமான் தெரிவித்தார். குறைந்த அளவு அந்த முறையாவது வேண்டும். எழுத்தாளரின் பொருட்டு நாம் இன்னும் ஒரு படி மேலே கேட்போம்: அவர் படித்துப் பதியாத பக்கத்தை அவர் படித்ததுபோல் விற்க வேண்டா. அவர் தேர்ந்த சொற்கள் இருக்கின்றன. அவற்றை உயிரோடிருக்கும் ஒருவர் படித்தால் போதும்.

இவ்வாறெல்லாம் செய்தால் விற்பனை பெருகிவிடும் என்று நாம் உறுதி கூற முடியாது. தட்டிப் பார்க்க இடங்கொடுத்தால் விரிசலும் கேட்கும். மோசமான வாசிப்பு நல்ல நூலைக் கெடுக்கும். நல்ல வாசிப்போ மோசமான உரைநடையைக் காட்டிக் கொடுக்கும். சில நூல்களை வாசகர் மூன்று நிமிடம் கேட்டுவிட்டு வாங்காமலே போவார். அது இழப்பன்று. வாங்கியபின் ஏமாந்து, அந்தப் பதிப்பகத்தின் பக்கமே மறுபடி வராமல் போவதைவிட அது நல்லது.

குயவர் தம் கடையில் கூவுவதில்லை. பானைகளைக் கைக்கெட்டும் இடத்தில் அடுக்கி வைத்துவிட்டு அமர்ந்திருக்கிறார். வருபவர் ஒன்றை எடுத்துத் தட்டுகிறார். வைத்துவிட்டு இன்னொன்றை எடுக்கிறார். அவர் தடுப்பதில்லை. தம் சூளையின் மேல் உள்ள நம்பிக்கை அது. நம் பதிப்பகங்களுக்கும் தம் நூல்களின் மேல் அத்தகைய நம்பிக்கை உண்டென்றே நினைக்கிறோம். அதை வாசகரின் செவிக்கு எட்டும் இடத்தில் வைத்துவிட்டு, அவர் கை நீட்டும்வரை அமைதியாக இருக்கவேண்டும்.